மெஸ் பில்லில் வராத பட்டினி!

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தமிழ்நாடு முழுக்க ஒரு விசாரணைக் கமிஷன் கூடுகிறது. கமிஷன் தலைவர், அம்மா. கூண்டில் நிற்பது, முதல் தடவையாக வீட்டை விட்டு ஹாஸ்டலுக்குப் போயிருக்கும் பிள்ளை.

“சாப்பிட்டியாடா?”

“ம்.”

“என்ன சாப்பிட்டே?”

“சப்பாத்தி.”

“எத்தனை?”

“அய்யோ... போனை வைம்மா!”

விசாரணை முடிந்தது. கமிஷன் கலைந்தது. அறிக்கை அப்பாவிடம் சமர்ப்பிக்கப்படுகிறது: “சாப்பிட்டானாம்!”

ஆபீஸில் ஐம்பது ரூபாய் ஆட்டோ சார்ஜுக்குக்கூட வவுச்சர் கேட்கிறார்கள். ‘சாப்பிட்டேன்’ என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் உலகத்தில் யாரும் வவுச்சர் கேட்பதில்லை. நான் ஹாஸ்டலில் இருந்த 1991-ல் செல்போன் கிடையாது. அப்பாவின் 15 பைசா போஸ்ட் கார்டு வரும். ‘வேளாவேளைக்குச் சாப்பிடவும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்’ என்று முடியும். ‘சாப்பிடுகிறேன், குளிக்கிறேன்’ என்று பதில் போடுவேன். முதல் பாதிக்கு நான் கியாரண்டி.

இந்தக் கட்டுரை அந்த முதல் பாதியைப் பற்றி. அதிலும் குறிப்பாக, பையன்கள் சொல்கிற ‘சாப்பிட்டேன்’ பற்றி.

ஹாஸ்டல் மெஸ் என்றாலே நமக்குச் சிரிப்பு. சாம்பாரை ஊற்றினால் அதன் வழியாகத் தட்டு செய்த கம்பெனியின் பெயரைப் படிக்கலாம். இட்லியை எறிந்தால் வார்டன் ரூம் ஜன்னல் உடையும். முப்பது வருஷமாக அதே ஜோக்குகள், அதே சாம்பார். ஆனால் இந்தச் சிரிப்பில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மெஸ்ஸில் சாப்பிடாதவனை யாரும் நோயாளி என்று சந்தேகப்படுவதில்லை. நாக்கில் ருசி உள்ளவன் என்று பாராட்டுகிறார்கள்!

எங்கள் ஹாஸ்டலில் பக்கத்து விங்கில் ஒருவன் இருந்தான். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ கிராமம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கே வந்தால் தெர்மோடைனமிக்ஸிலிருந்து நோட்டீஸ் போர்டு வரை எல்லாமே இங்கிலீஷ். போதாக்குறைக்கு மெஸ் வாசலில் சீனியர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு பாட்டு, அல்லது ஒரு டான்ஸ், அல்லது வார்டனுக்கு ஒரு லவ் லெட்டர். அவன் மெஸ் பக்கம் போவதையே நிறுத்தினான். முதலில் பயத்தில். பிறகு சீனியர்களே தோளில் கை போட்டுக் கூப்பிட ஆரம்பித்த பின்னும் போகவில்லை. பன்னும் டீயும். அப்புறம் டீ மட்டும். ஹாஸ்டல் அவனுக்கு வைத்த பெயர் ‘பட்டினிச் சித்தர்’. இரண்டாவது செமஸ்டர் பாதியில் அவன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மகனை அழைத்துப் போனார். டைபாய்டு என்றார்கள். இன்று வரை எனக்கு அது டைபாய்டு என்று நம்பிக்கை இல்லை.

மாதக் கடைசியில் அவன் பெயருக்கு மெஸ் பில் மட்டும் முழுசாக வந்திருந்தது.

ராகிங்குக்குச் சட்டம் வந்தது. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு, 1997-ல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்தது. இன்றைக்கு மெஸ் வாசலில் நாற்காலி கிடையாது. கேமரா இருக்கிறது. ஆனால் கேமரா எட்டாத ஒரு இடம் இருக்கிறது பாருங்கள், சட்டைப் பாக்கெட். அங்கே செல்போன் இருக்கிறது.

என் அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன். (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “பேரைப் போடாதீங்க மாமா. மதுரைன்னு வேணா போட்டுக்குங்க. மதுரையில என்னைய மாதிரி எத்தனையோ பேர் இருக்கான்” என்று அனுமதி கொடுத்தான்.)

2023-ல் கோயம்புத்தூர் பக்கம் ஒரு எஞ்சினீயரிங் காலேஜில் சேர்ந்தான். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. எங்கள் வம்சத்தில் அதற்குப் பெயர் ஆரோக்கியம். முதல் நாள் வரவேற்பு விழாவில் யாரோ எடுத்த போட்டோவில் பையன் லட்டு கடித்துக்கொண்டிருக்கிறான். அதை மட்டும் வெட்டி எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். நாளைக்கு லீவு என்றால் அந்த ஸ்டிக்கர். யாருக்காவது பர்த் டே என்றால் அந்த ஸ்டிக்கர். பழைய ராகிங்காவது மெஸ் வாசலோடு முடிந்தது. இது ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

பையனும் சேர்ந்து சிரித்தான். இரண்டு தடவை அவனே அந்த ஸ்டிக்கரை அனுப்பினானாம்!

தீபாவளிக்கு வந்தபோது இளைத்திருந்தான். வீட்டில் ஏக பாராட்டு. “ஹீரோ மாதிரி ஆயிட்டியேடா!” அவன் பெரியப்பா என்ன டயட் என்று கேட்டு, காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு போனார். பொங்கலுக்கு இன்னும் இளைத்திருந்தான். இன்னும் பாராட்டு. ஒரு நோயைப் பார்த்து ஊரே கை தட்டுவது இந்த ஒன்றுக்குத்தான் இருக்கும். மஞ்சள் காமாலை வந்தவனிடம் போய் யாராவது “சூப்பர்டா, எப்படிக் கொண்டுவந்தே?” என்று கேட்பார்களா?

கண்டுபிடித்தது எங்கம்மா. அவனுக்கு அம்மாச்சி. எழுபத்தெட்டு வயது. படிப்பு ஐந்தாம் கிளாஸ்.

2024 சித்திரைத் திருவிழா சமயம். மதுரை வெயிலைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். ஜனம் பானகம் குடித்தே பிழைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கூடத்தில் பேரன் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“அம்மாச்சி, ஃபேனை நிறுத்து. குளுருது.”

அம்மாச்சி ஃபேனை நிறுத்தவில்லை. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸ். சட்டைக் கையை மேலே தள்ளினாள். பச்சைக் குழந்தைக்கு இருக்குமே, அந்த மாதிரிப் பூனை மயிர் கை முழுக்க. அக்காவைக் கூப்பிட்டாள்.

“ஏ, இங்க வா. இவன் இளைக்கலைடி. தேஞ்சுக்கிட்டிருக்கான்.”

முதலில் பார்த்த டாக்டர் (பெயர் வேண்டாமே) ரத்தம், சிறுநீர், தைராய்டு, டி.பி. என்று எல்லா டெஸ்ட்டும் எடுத்தார். எல்லாம் நார்மல். “லவ் கிவ் ஏதாவது இருக்கான்னு விசாரிங்க” என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவது டாக்டர் டெஸ்ட் எதுவும் எழுதுவதற்கு முன்னால் நாடியைப் பிடித்தார். நிமிஷத்துக்கு 44. “தம்பி அத்லெட்டா?” என்றார். “கேரம் ஆடுவான்” என்றாள் அக்கா. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். மனநல மருத்துவர்.

மச்சான் வெடித்தார். “சாப்பிடாததுக்கு மெண்டல் டாக்டரா? வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” பத்தொன்பது வயசுப் பையனுக்கு அன்றைக்கே சம்பந்தம் பேசும் கவலை! அம்மாச்சிதான் பேசாமல் போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா பையனை எடை மெஷினில் நம்பர் தெரியாதபடி திருப்பி நிற்க வைத்தாராம். எத்தனை கிலோ என்பதை நானும் எழுதப் போவதில்லை. பிறகு நான் அவரைப் பார்த்தபோது கறாராகவே சொன்னார்: “பத்திரிகைல நம்பரைப் போடாதீங்க சார். படிக்கிறவன் எவனாவது அதை டார்கெட்டா வெச்சுக்குவான்.” காலேஜில் சேரும்போது இருந்த எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காணோம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நோயின் பெயர் அனோரெக்ஸியா நெர்வோஸா. லண்டன் டாக்டர் வில்லியம் கல் 1873-ல் வைத்த பெயர். அனோரெக்ஸியா என்றால் பசியின்மை. என்னைக் கேட்டால் அந்தப் பெயரே தப்பு. இவர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசி பிராணனை வாங்குகிறது. அதை ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜெயிக்க ஜெயிக்க இன்னும் ஜெயிக்கத் தோன்றுகிறது. மனநோய்களில் அதிகமாக உயிரைக் குடிப்பவற்றில் இது ஒன்று. இதயம் சுருதி தவறி நின்றுபோகும்.

“இதெல்லாம் பொம்பளைப் புள்ளைகளுக்கு, மாடலிங் பண்றவங்களுக்கு வர்றதில்லையா டாக்டர்?” என்றார் மச்சான்.

நாம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பது நிஜம். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கிறது. இந்த நோயை முதன்முதலில் விவரமாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில டாக்டர். வருஷம் 1689. நம் ஊரில் சிவாஜியின் மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்ற வருஷம். மார்ட்டன் எழுதியது இரண்டு நோயாளிகளைப் பற்றி. ஒருத்தி, பதினெட்டு வயதுப் பெண். இன்னொருவன், ஒரு பாதிரியாரின் மகன். பதினாறு வயசு! காரணம் என்ன என்று மார்ட்டன் எழுதியிருக்கிறார் தெரியுமா? அளவுக்கு மீறிப் படித்ததும் மனக் கொந்தளிப்பும். அந்தப் பெண்ணும் ராத்திரி பகலாகப் புத்தகமே கதி என்று கிடந்தவள்தான். அவள் மருந்து வேண்டாம் என்று மறுத்து, மூன்று மாதத்தில் மயங்கி விழுந்து இறந்தாள். பையனைப் படிப்பை நிறுத்தச் சொல்லி, கிராமத்துக்கு அனுப்பி, குதிரை ஓட்டச் சொல்லி, பால் குடிக்கச் சொன்னார் டாக்டர். அதுவும் கழுதைப் பால்! பையன் பெருமளவு தேறினான். முழுசாக அல்ல என்பதையும் மார்ட்டன் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, முன்னூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கேஸ் கட்டிலேயே நம்ம பையன் இருக்கிறான். மாணவன். மறந்துபோனது நாம்தான்.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. 1995-ல் சென்னை மனநல மருத்துவர்கள் சிலர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அனோரெக்ஸியா அளவுக்கு முற்றவில்லை. ஆனால் 31 பேருக்குச் சாப்பாடும் உடம்பும் சம்பந்தமான கோளாறான மனநிலை இருந்தது. ஏழு பேரில் ஒருவர்! அது வாட்ஸ்அப் பிறக்காத காலம்.

சரி, காலேஜ் முதல் வருஷத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்த நோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவது டீன் ஏஜிலும் இருபதுகளின் ஆரம்பத்திலும்தான். சரியாக அந்த நேரத்தில்தான் ஒருத்தனை அவன் தட்டிலிருந்து, தட்டு போட்டவளிடமிருந்து, தெருவிலிருந்து, பாஷையிலிருந்து பிய்த்து எடுத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி நடுகிறோம். ஸ்கூலில் முதல் மார்க் வாங்கியவன் இங்கே வந்து பார்த்தால் வகுப்பில் அறுபது பேரும் அவரவர் ஸ்கூலில் முதல் மார்க்! பதினெட்டு வருஷமாக எப்போது பசிக்கும், எவ்வளவு பசிக்கும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியாது. இப்போது திடீரென்று அந்த டிபார்ட்மென்ட் அவன் கைக்கு மாற்றலாகி வருகிறது, சார்ஜ் ஒப்படைக்க ஆளில்லாமல்.

எனக்குப் புரிய வைத்தது அக்கா பையன் சொன்ன ஒரு வார்த்தை. கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் வைத்துச் சொன்னான்.

“எல்லாமே கையை விட்டுப் போயிருச்சு மாமா. இன்டெர்னல்ல அம்பதுக்குப் பதினொண்ணு. ரூம்மேட் ரெண்டு பேரும் இந்திப் பசங்க. நான் சொன்னதை யாருமே கேக்கலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னபடி கேட்டுச்சு. வெயிட் மெஷின்.”

அவனுக்கு அழகாக வேண்டும் என்பதெல்லாம் ஆரம்பத்தில் கொஞ்ச நாள்தானாம். பிறகு அது மறந்தே போனது. நம்பர் மட்டும் மிஞ்சியது.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்லியாக வேண்டும். டாக்டரம்மா இதைத்தான் மச்சானுக்குச் சொன்னார். நான் அப்புறம் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாய். ஐரோப்பாவில் பட்டினி. எலும்பும் தோலுமாக இருக்கும் ஜனங்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிய வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 வாலிபர்களைச் சேர்த்தார். துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று மனசாட்சிப்படி ராணுவத்தை மறுத்தவர்கள். நல்ல திடகாத்திரமான, மனசிலும் ஒரு குறையில்லாத ஆட்கள். கால்பந்து மைதானத்தின் காலரிக்கு அடியில் தங்க வைத்து, 1945 பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. நடை மட்டும் வாரம் 22 மைல் கட்டாயம்.

எடை கால்வாசி குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மனசுக்கு நேர்ந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. போரைப் பற்றி, பெண்களைப் பற்றி, கடவுளைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிக் கதைப் புத்தகம் மாதிரி படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சூப்பில் தண்ணீர் விட்டு அளவைப் பெருக்கினார்கள். ஒருத்தர் ஒரு நாளைக்கு நாற்பது பாக்கெட் சூயிங்கம் மென்றார்! சிடுசிடுப்பு, சோர்வு, நாடி மந்தம். கோடைக் காலத்தில் ஸ்வெட்டர் கேட்டார்கள்.

ஸ்வெட்டர் என்று படித்ததும் எனக்கு மதுரைக் கூடத்து ஃபேன் ஞாபகம் வந்தது.

மச்சானுக்கு விளங்கியது இதுதான்: பையன் கிறுக்கானதால் பட்டினி கிடக்கவில்லை. ஏதோ ஒரு காரணத்துக்காகப் பட்டினி கிடக்க ஆரம்பித்தான். பட்டினி அவன் புத்தியைப் பிடித்துக்கொண்டது. முப்பத்தாறு திடகாத்திர ஆசாமிகளுக்கே அப்படி என்றால், ஸ்டிக்கரில் அடிபட்டவன் எம்மாத்திரம்? அதனால்தான் “புத்தி சொல்லித் திருத்துறேன்” என்று கிளம்புகிற மாமாக்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் மருந்தே சாப்பாடுதான். வயிறு கொஞ்சம் நிறைந்தால்தான் புத்தி பேச்சைக் கேட்கும்.

அதையும் அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது. இது அம்மாச்சிக்குப் பெரிய அதிர்ச்சி. டாக்டர் “சாப்பாடுதான் மருந்து” என்றதும் மறுநாளே நாட்டுக்கோழி அடித்து, நெய்யில் மிதக்கும் பொங்கல் வைத்து, அஞ்சடுக்கு கேரியரோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா கேரியரைப் பிடுங்கி நர்ஸ்களுக்குக் கொடுத்துவிட்டார்! நாள் கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று விருந்து இறங்கினால், ரத்தத்தில் பாஸ்பேட் மாதிரியான உப்புகள் மளமளவென்று சரியும். இதயம் தடுமாறும். உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு செத்துப்போனது இப்படித்தான். அதனால் ரத்தப் பரிசோதனையோடு, அளந்து, படிப்படியாக.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிறகு வீடு. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980-களில் உருவான ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர்களையே வைத்தியராக்குவது. ஒவ்வொரு வேளையும் யாராவது கூடவே உட்கார வேண்டும். கெஞ்சக் கூடாது, திட்டக் கூடாது, ‘சோமாலியாவுல பாரு’ என்று ஆரம்பிக்கக் கூடாது. தட்டில் இருப்பது முடிகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஒரு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஆன நாளெல்லாம் உண்டு. அக்கா ஆபீஸில் சம்பளமில்லா லீவு போட்டாள். மச்சான் நியூஸ் சேனலை விட்டார் (தமிழ்நாட்டில் ஒரு ஆண் செய்யக்கூடிய உச்சபட்சத் தியாகம்).

எல்லோருக்கும் இதே மாதிரி எலும்பு தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு ரகம் இருக்கிறது. பார்த்தால் தெரியவே தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா, பிரட் ஆம்லெட், கேக் என்று கை போன போக்கில், நிறுத்த முடியாமல் சாப்பிடுவது. பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல் வாந்தி எடுப்பது, மறுநாள் பட்டினி, இரண்டு மணி நேரம் ஓட்டம். இதற்குப் பெயர் புலிமியா. 1979-ல் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற டாக்டர் தனி நோயாகப் பிரித்துச் சொன்னார். கிரேக்க மொழியில் அர்த்தம், மாட்டுப் பசி. நம் ஆட்கள் அதைவிட ஒரு சைஸ் பெரிதாக யோசித்தவர்கள். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்று ஒருத்தி. முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு வருஷம் எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அந்த நோய்க்குப் பெயர் யானைத்தீ!

புலிமியாவில் எடை சாதாரணமாகவே இருக்கலாம். அதுதான் அதன் சாமர்த்தியம். அடிக்கடி வாந்தி எடுப்பதால் வயிற்று அமிலம் பல்லை அரிக்கும். சில சமயம் முதலில் சந்தேகப்படுவது பல் டாக்டராகவே இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இதுவும் ஆண்களுக்கு வருமா என்கிறவர்களுக்கு ஒரு கிரிக்கெட் கேள்வி. 2002 பிப்ரவரியில் பம்பாய் வாங்கடே மைதானத்தில் இந்தியாவை ஜெயித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடியது யார்? (ஜூலையில் லார்ட்ஸ் பால்கனியிலிருந்து கங்குலி வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார், ஞாபகம் இருக்குமே!) ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப். ஆறடிக்கு மேல் உயரம். பந்து வீசினால் ஸ்டம்ப் பறக்கும். அந்த ஆள் 2020-ல் பி.பி.சி. டி.வி.யில் உட்கார்ந்து, தனக்குப் புலிமியா என்றும், விளையாடிய காலத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது என்றும் சொன்னார். குண்டு, குண்டு என்று பத்திரிகைகள் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த காலம் அது. பிரிட்டனில் 1997 முதல் 2007 வரை துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரெஸ்காட்டும் 2008-ல் இதையே வெளியில் சொன்னார். டாக்டரைப் பார்க்கப் போனால் காத்திருந்தவர்கள் எல்லாம் இளம்பெண்கள், நடுவில் இவர் ஒருத்தர்தான் ஆம்பிளை!

மூன்றாவது ரகத்தை நீங்கள் ஜிம்மிலேயே பார்க்கலாம். கை தொடை சைஸுக்கு இருக்கும். கண்ணாடியில் பார்த்து “இன்னும் ஏறலையே பாஸ்” என்பான். கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தால்கூட டப்பாவில் வேகவைத்த கோழி கொண்டுவருவான். அமெரிக்க டாக்டர் ஹாரிசன் போப் 1993-ல் இதைத் ‘தலைகீழ் அனோரெக்ஸியா’ என்றார். ஒருத்தனுக்கு எத்தனை இளைத்தாலும் குண்டு, இன்னொருத்தனுக்கு எத்தனை பெருத்தாலும் ஒல்லி. ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. (ஆபீஸ் வாசலில் வழிமறிக்காதீர்கள்!) ஜிம்முக்குப் போகாத ஒரு நாள் அவனுக்கு நரகமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெரிக்காவில் இன்னொரு கூத்து. காலேஜ் முதல் வருஷத்தில் பதினைந்து பவுண்டு எடை போடும் என்று அங்கே ஒரு பழமொழி மாதிரியே சொல்லி வருகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே எடை போட்டுப் பார்த்தபோது சராசரி மூன்று, நான்கு பவுண்டுதான் தேறியது. வளர்கிற வயதில் அது இயல்பே. ஆனால் பயம் மட்டும் பதினைந்து பவுண்டு கனத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது.

ஹாஸ்டலில் தம்பியோ, ரூம்மேட்டோ, பேச்சலர் மேன்ஷனில் பக்கத்துக் கட்டில்காரனோ இருந்தால் எதைக் கவனிப்பது? எடையை அல்ல. “நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்” என்று எப்போதும் சொல்கிறானா. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் உட்காராமல் நழுவுகிறானா. சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறானா. தொளதொள சட்டை, வெயிலில் குளிர், ஒரு வாழைப்பழத்தின் கலோரி மனப்பாடம். இதில் ஒன்று இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை. மூன்று நாலு சேர்ந்தால், கிண்டல் வேண்டாம். எடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். “ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறியே, என்னடா?” என்று ஆரம்பித்தால் பேச்சு வரும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் இருக்கிறது. 14416, பைசா செலவில்லை, தமிழிலேயே பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் போனெல்லாம் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி.

அக்கா பையன் அந்த செமஸ்டர் பரீட்சை எழுதவில்லை. நடுவில் இரண்டு தடவை மறுபடி சறுக்கினான். மாசம் ஒரு முறை டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டு, அரியர்ஸை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு, 2025-ல் மூன்றாம் வருஷம் போனான். அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தபோது, பழைய காலண்டர் தாள் பெரியப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

“பரவால்லையே, மறுபடியும் கொஞ்சம்...”

“ஏய்!” என்றாள் அம்மாச்சி சமையலறையிலிருந்து. “இந்த வீட்டுல எவனும் எவன் உடம்பைப் பத்தியும் பேசப்படாது. கிரிக்கெட்டு பேசு!”

பெரியப்பா ஐ.பி.எல். பற்றிப் பேச ஆரம்பித்தார். பையன் அதிரசத்தில் பாதியைப் பிய்த்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சாப்பிட்டான். எல்லோரும் டி.வி.யைப் பார்ப்பது மாதிரி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹாஸ்டலில் இப்போது மெஸ் கமிட்டி மெம்பராம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ்ஸை மூடக் கூடாது என்று அறுபது கையெழுத்து வாங்கிக் கொடுத்து ஜெயித்துவிட்டான். சாம்பார் விஷயத்தில் மட்டும் நிர்வாகம் மசியவில்லை என்கிறான்.